ஊர்ப்பெயரும் கீழ்விரி பட்டியலும்

சென்ற கோடை விடுமுறையில் யான் என் சொந்த ஊராகிய சேரம்பாடியில் இருந்தபோது, தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினேன். ஏட்டிலும் அச்சிலும் உள்ளனவே தமிழ்ச் சொற்கள் என்று எண்ணியிருந்த எனக்கு, நாவில் மட்டும் வாழ்வனவும் தமிழே என்னும் உணர்ச்சி இக்கல்லூரியிற் கற்கத் தொடங்கிய பின்னரே உண்டாயிற்று.

சேரம்பாடி நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டை ஒட்டி இருப்பது. தமிழும் மலையாளமும் ஒரே தேநீர்க் கடையில் ஒருங்கே ஒலிக்கும் இடம் அது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடி மக்கள் தத்தம் மொழிகளோடு சுற்றுப்புறத்தில் வாழ்கின்றனர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் குடும்பங்களும் பலவுள. 1964ஆம் ஆண்டில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அங்ஙனம் வந்தோர்க்கு வேலையளிக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர்த் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. அதன் தோட்டங்கள் எம்மூரிலும் உண்டு.

இத்தகைய இடத்திற் சொற்கள் எவ்வாறு கலக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளை இலங்கையிலிருந்து வந்தவர் ‘லயம்’ என்பர்; சிலர் ‘லைன்’ என்பர்; வயநாட்டு வழக்கைப் பின்பற்றுவோர் ‘பாடி’ என்பர். பொருள் ஒன்று, பெயர் மூன்று. யார் எதனைச் சொன்னார் என்பதையும், அவர் எவ்விடத்தைச் சார்ந்தவர் என்பதையும் குறிக்காவிடின் இம்மூன்றையும் தொகுத்ததாற் பெரும்பயன் இல்லை.

அவ்வாறு குறித்துவைத்தும், குறித்தவற்றுட் பாதியை யான் இழந்தேன். எழுதாமையால் இழந்தேனல்லேன், எழுதியதைத் தேடிக் காண இயலாமையால் இழந்தேன். அவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது, அதனைத் தடுக்க எளிய கருவியொன்று எவ்வாறு உதவிற்று, அக்கருவியாலும் ஆகாதது யாது என்பவற்றை ஈண்டு விளக்க விழைகின்றேன். குறிப்பெழுதும் பழக்கமுடைய மாணாக்கர் யாவர்க்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

விக்கி என்பது

‘விக்கி’ என்பது ஹவாய் மொழிச் சொல். விரைவு என்று பொருள்படும். படிப்போரே திருத்தவும், ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புக் கொடுக்கவும் வாய்ப்பளிக்கும் பக்கத் தொகுதியை அமெரிக்கராகிய வார்டு கன்னிங்ஹாம் 1995இல் அமைத்து அதற்கு இப்பெயரை வழங்கினார். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவும், 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வழி வந்தனவே.

பலர் கூடி எழுதும் விக்கியேயன்றி, ஒருவர் தமக்கென்று வைத்துக்கொள்ளும் விக்கியும் உண்டு. அவற்றுள் ஒன்று டிட்லிவிக்கி. ஆங்கிலேயராகிய ஜெரமி ரஸ்டன் என்பவர் 2004இல் இதனை வெளியிட்டார். இதனை இலவசமாகப் பெறலாம். இதன் சிறப்பு யாதெனின், குறிப்புகளும் அவற்றைத் தேடும் பொறியும் எழுதும் பலகையும் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கியிருத்தலாம். அக்கோப்பை உலாவியில் திறந்தால் வேலை தொடங்கும்; இணையத் தொடர்பு வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாள்தோறும் வந்து வந்து மறையும் எம் மலைப்பக்கத்திற்கு இஃது எத்துணை ஏற்றது என்று யான் கூறவேண்டுவதில்லை.

இவ்விக்கியில் ஒவ்வொரு சிறு குறிப்பையும் ‘டிட்லர்’ என்பர். ஒரு சொல்லுக்கு ஒரு டிட்லர் என்பது யான் கொண்ட முறை. ஒவ்வொரு டிட்லருக்கும் தலைப்பு உண்டு, உரை உண்டு, குறிச்சொற்கள் உண்டு. இவையன்றி நாமே பெயரிட்டு அமைக்கும் சிறு அறைகளும் உண்டு. இவற்றை ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’ என்றும், தமிழில் ‘புலம்’ என்றும் வழங்குவர். ‘கவ்வாத்து’ என்னும் சொல்லுக்குரிய குறிப்பில், தேயிலைச் செடியைத் தறித்து மட்டப்படுத்தும் வேலை என்னும் பொருள் உரையில் அமையும். ‘ஊர்’ என்னும் புலத்திற் சொன்னவர் ஊரும், ‘மொழி’ என்னும் புலத்தில் அவர் வீட்டு மொழியும் அமையும். முன்பு புலங்களின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களிலேயே எழுத வேண்டியிருந்தது. 2021இல் வந்த 5.2ஆம் பதிப்பு முதல் அத்தடை நீங்கியமையின் ‘ஊர்’ என்று தமிழிலேயே பெயரிடலாம்.

புலம் இருப்பதன் பயன் தேடும்போது தெரியும். ‘ஊர் என்னும் புலத்திற் கொளப்பள்ளி என்றிருக்கும் குறிப்புகளை மட்டும் காட்டுக’ என்று விக்கியைக் கேட்கலாம். உரைநடையாக எழுதிய குறிப்புப் புத்தகத்தில் இவ்வாறு கேட்டற்கு இடமில்லை.

நேர்ந்த தவறு

எங்கள் வீட்டிற்கு மேற்புறத்து லயத்தில் மூதாட்டியார் ஒருவர் இருந்தார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவரை அப்பாயி என்றே அழைப்பர். இளமையில் இலங்கையிலே கொழுந்து பறித்து, முதுமைக்கு முன்னரே இங்கு வந்து, இங்கும் கொழுந்து பறித்தவர். பெரட்டுக்களம், கங்காணி, கணக்கப்பிள்ளை முதலிய சொற்களை அவர் சொல்லும்போது அச்சொல்லோடு ஒரு கதையும் வரும். மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல யான் கைப்பேசியிலும் தாளிலும் குறித்து, இரவில் விக்கியிற் பதிந்துவந்தேன்.

கல்லூரி திறந்து சில திங்கள் சென்றபின் அப்பாயி காலமானார் என்னும் செய்தி வந்தது. பதினாறாம் நாளன்று உறவினர் கூடுகையில், அவர் சொன்ன சொற்களையும் கதைகளையும் ஒன்றாக எழுதித் தருமாறு அவர் பேரர் என்னைக் கேட்டார். ‘ஒரு நொடியில் எடுத்துத் தருகிறேன், அண்ணா’ என்று யானும் உறுதி கூறினேன். விக்கியைத் திறந்து, சொன்னவர் என்னும் புலத்தையும் ஊர் என்னும் புலத்தையும் கொண்டு தேடினேன். வந்த குறிப்புகள் யான் எழுதியவற்றுட் பாதிக்கும் குறைவாயிருந்தன. பிற எங்கே போயின? கோப்பு கெட்டுவிட்டதோ என்று அஞ்சினேன்.

அன்றிரவு முழுதும் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றும் அழியவில்லை. ஆனால் ‘அப்பாயி’ என்று ஓரிடத்தும், ‘அப்பாயி அம்மா’ என்று ஓரிடத்தும், ‘மேல் லயத்து அப்பாயி’ என்று ஓரிடத்தும், அவசரத்தில் ‘அப்பயி’ என்று ஓரிடத்தும் எழுதியிருந்தேன். ஊர்ப்பெயரோ அதனினும் மோசம். ‘சேரம்பாடி’, ‘சேரம் பாடி’, ‘சேறம்பாடி’ என்று மூன்று வடிவங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. நான்காவது ஒன்று கண்ணுக்குத் தெரியவேயில்லை. சொல்லின் இறுதியில் யான் அறியாமல் ஒரு வெற்றிடத்தையும் தட்டிவிட்டிருந்தேன். படிக்கும் மனிதர்க்கு இவை யாவும் ஒன்றே. பொறிக்கோ நான்கும் நான்கு ஊர்கள்.

பதினாறாம் நாளன்று யான் கொடுத்த தாள்கள் முழுமையானவையே. ஆயினும் ஓரிரவு கண்விழித்துத் தேடிக் கொடுத்தவை. குறிப்புகள் நானூறாக இருந்தமையின் அது கூடிற்று. நாலாயிரமாக இருந்திருப்பின், அப்பாயியின் சொற்களுட் பாதி அக்கோப்பினுள் இருந்தும் இல்லாதனவே ஆகியிருக்கும்.

எழுத்தின் மயக்கம்

கவனமாக எழுதினால் இத்தவறு நேராதே என்று சிலர் கூறலாம். கவனத்தால் தீரும் பிழைகள் சில, தீராதன சில. தமிழெழுத்தைக் கணினியில் எழுதுவோர் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, இரண்டும் சரியென ஏற்கத்தக்க வடிவங்கள். எம்மூர்க்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயரை ‘அய்யன்கொல்லி’ என்றும் எழுதுகின்றனர். ‘ஐயன்கொல்லி’ என்றும் எழுதுகின்றனர். இரண்டினையும் பிழையென்று தள்ளுதல் இயலாது. ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றொன்று வாராது.

இரண்டாவது, ஒன்றுபோலவே தோன்றி உள்ளே வேறுபடும் எழுத்துக்கள். ‘கொளப்பள்ளி’ என்பதன் முதலெழுத்தை நோக்குக. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தும் யூனிகோடு முறையில் எழுதலாம். முன்னே வரும் கொம்பையும் பின்னே வரும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கொ’ என்றே தோன்றும். இவற்றைச் சமமாகக் கொள்ளவேண்டும் என்று யூனிகோடு விதியே கூறுகின்றது. எனினும் அவ்விதியின்படி எழுத்துக்களைச் சமன்செய்யாமல் ஒப்பிடும் பொறி இவற்றை வேறுவேறாகவே கொள்ளும்.

மூன்றாவது, துணைக்காலின் மீது புள்ளியிட்டெழுதும் பிழை. ‘பந்தலூர்’, ‘கூடலூர்’ என்பவற்றின் இறுதியில் ரகர மெய் நிற்றல் வேண்டும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பக்கங்களிலோ, துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து ரகர மெய்போல நடிப்பதைக் காணலாம். அத்தகைய பக்கத்திலிருந்து ஊர்ப்பெயரை எடுத்து ஒட்டினால், பார்வைக்குக் குற்றமில்லை, தேடினால் அகப்படாது.

தமிழ் பயில்வார்க்கு இது புதிய துன்பமன்று. ஓலைச்சுவடிகளிற் புள்ளியிடும் வழக்கம் அருகிப் போயிருந்தது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவாக எழுதப்பட்டன. எது கால், எது ரகரம் என்று துணிவதற்குப் பதிப்பாசிரியர் பட்ட பாட்டினை நாம் வகுப்பிற் கேட்டிருக்கிறோம். ஓலையில் ஒரே வடிவம் இரண்டு எழுத்தாக நின்று மயக்கிற்று. கணினியில் இரண்டு எழுத்துக்கள் ஒரே வடிவாக நின்று மயக்குகின்றன. முன்னையதை அறிவால் தீர்த்தனர். பின்னையதைக் கண்ணாற் காணவே இயலாமையின், நேராதபடி காத்தலே வழி.

பட்டியல் அமைக்கும் முறை

காக்கும் வழி, ஊர்ப்பெயரை ஒவ்வொரு முறையும் எழுதாதிருத்தலே. ஒருமுறை சரியாக எழுதிவைத்து, பின்னர் அதனைத் தேர்ந்தெடுத்தல் மட்டும் செய்க. இதற்கு உதவும் கருவிதான் ‘டிராப்டவுன்’ என்று வழங்கும் கீழ்விரி பட்டியல். ஒரு சிறு பெட்டியைத் தொட்டவுடன் பெயர்கள் வரிசையாகக் கீழே விரியும். ஒன்றைத் தொட்டால் அது பெட்டியில் அமரும். தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்புகையில் மாவட்டத்தின் பெயரை இவ்வாறு தேர்ந்தெடுத்தது நம்மிற் பலர்க்கு நினைவிருக்கும்.

டிட்லிவிக்கியில் இவ்வாறு செயற்படும் சிறு பொறிகளை ‘விட்ஜெட்’ என்பர். கீழ்விரி பட்டியலுக்குரியது ‘செலக்ட்’ என்னும் விட்ஜெட். இப்பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்திலேயே எழுதல் வேண்டும். அமைப்பை மட்டும் ஈண்டுச் சொற்களால் விளக்குவேன்.

முதலில், ஊர் ஒன்றுக்கு ஒரு டிட்லர் ஆக்குக. சேரம்பாடி, கொளப்பள்ளி, எருமாடு, பந்தலூர், அய்யன்கொல்லி என்று தலைப்பிட்டு, அவை அனைத்திற்கும் ‘ஊர்ப்பட்டியல்’ என்னும் ஒரே குறிச்சொல்லை இடுக. ஒவ்வொரு பெயரின் எழுத்தையும் இவ்வொரு முறை நன்கு சோதித்துக்கொள்க.

அடுத்து, கோண அடைப்புக்குள் டாலர்க் குறியிட்டுச் ‘செலக்ட்’ என்று எழுதி, அதற்கு இரண்டு பண்புகளைக் கொடுக்க. ‘டிட்லர்’ என்னும் பண்பு எந்தக் குறிப்பிற் பதிவது என்பதைக் கூறும். அதனை விட்டுவிட்டால் அப்போது திறந்துள்ள குறிப்பையே பொறி எடுத்துக்கொள்ளும். ‘ஃபீல்டு’ என்னும் பண்பு எந்தப் புலத்திற் பதிவது என்பதைக் கூறும்; அதில் ‘ஊர்’ என்று எழுதுக.

மூன்றாவதாக, செலக்டைத் திறக்கும் குறிக்கும் மூடும் குறிக்கும் நடுவே, விரியவேண்டிய பெயர்களை ‘ஆப்ஷன்’ என்னும் குறிகளால் அமைக்க. பெயர்களை ஒவ்வொன்றாக எழுதவேண்டுவதில்லை. ‘லிஸ்ட்’ என்னும் விட்ஜெட்டை இட்டு, ‘ஊர்ப்பட்டியல் என்னும் குறிச்சொல் உடையவற்றைத் தலைப்பின் வரிசையில் தருக’ என்னும் வடிகட்டியைக் கொடுத்தால், பட்டியல் தானே அமையும். நாளை புதிய ஊருக்கு ஒரு டிட்லர் ஆக்கிக் குறிச்சொல் இட்டவுடன் அதுவும் பட்டியலில் வந்து சேரும்.

நான்காவதாக, இவ்வமைப்பு முழுவதையும் தனி டிட்லரில் எழுதி, அதற்கு ‘வியூ டெம்பிளேட்’ எனப்படும் அமைப்புக் குறிச்சொல்லை இட்டால், ஒவ்வொரு குறிப்பின் கீழும் பட்டியல் தோன்றும். சொற்குறிப்புகளுக்கு மட்டும் தோன்றவேண்டுமாயின், ‘சொல்’ என்னும் குறிச்சொல் உடையவற்றிற்கே காட்டுமாறு மற்றொரு லிஸ்டினுள் அதனை அடைத்துவிடலாம்.

பெயரைத் தொட்ட அந்நொடியே புலத்தில் மதிப்புப் பதிந்துவிடும்; திருத்தும் பலகையைத் திறக்கவேண்டுவதில்லை. காட்டும் பெயர் வேறாகவும் பதியும் மதிப்பு வேறாகவும் இருக்கலாம் என்பது மற்றொரு வசதி. ‘சேரம்பாடி, பந்தலூர் வட்டம்’ என்று நீளமாகக் காட்டி, ‘சேரம்பாடி’ என்று மட்டும் பதியுமாறு செய்யலாம். ஒன்றிற்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்தெடுக்கவும் ‘மல்டிபிள்’ என்னும் பண்பு இடங்கொடுக்கும். அப்போது பெயர்கள் வரிசையாகப் பதிவதோடு, இடையே வெற்றிடமுள்ள பெயர்கள் இரட்டைச் சதுர அடைப்புக்குள் நிற்கும்.

காத்துக்கொள்ள வேண்டுவன

இக்கருவியிடத்தும் பள்ளங்கள் உண்டு. அவற்றுட் சிலவற்றில் யானே விழுந்தேன்.

ஃபீல்டு என்னும் பண்பை எழுத மறத்தல் பெருந்தீங்கு. புலத்தின் பெயர் கொடாவிடின் பொறி குறிப்பின் உரையையே புலமாகக் கொள்ளும். அந்நிலையில் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அரைமணி நேரம் எழுதிய உரை முழுதும் நீங்கி, அவ்விடத்தில் ‘எருமாடு’ என்னும் ஒரு சொல் மட்டும் நிற்கும். புதிய பட்டியலை முதலில் வெறுங்குறிப்பொன்றில் சோதித்தல் அறிவுடைமை.

‘டிஃபால்ட்’ என்னும் பண்பு நுட்பமாக ஏமாற்றும். புலம் இல்லாதபோது எப்பெயரைக் காட்டுவது என்பதை அது கூறும். பெரும்பாலான குறிப்புகள் சேரம்பாடியனவே என்று கருதி அப்பெயரை அதில் இட்டேன். ஒவ்வொரு குறிப்பிலும் ‘சேரம்பாடி’ என்று பெட்டி காட்டிற்று, மகிழ்ந்தேன். பின்னர்த் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. காட்டுதல் வேறு, பதிதல் வேறு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். காட்டப்பட்ட அதே பெயரை மீண்டும் தொட்டாலும் பதியாது. மாற்றம் நிகழ்ந்தால் அன்றோ பொறி எழுதும்? ஆதலின் முதல் வரியாக ‘தேர்ந்தெடுக்க’ என்று காட்டி வெறுமையைப் பதியும் ஓர் ஆப்ஷனை வைத்தலே நன்று. தேர்ந்தெடுக்கப்படாதது தேர்ந்தெடுக்கப்படாததாகவே தோன்றும்.

பட்டியலில் இல்லாத பழைய மதிப்பு புலத்தில் இருப்பின், பெட்டி வெறுமையாகத் தோன்றும். ‘சேறம்பாடி’ என்று முன்பு எழுதிய குறிப்பு இவ்வாறே நிற்கும். ஆகவே பட்டியலை அமைக்குமுன் பழைய பிழைகளைத் திருத்துக. ‘ஈச்’ என்னும் வடிகட்டிச் சொல்லோடு புலத்தின் பெயரைக் கொடுத்தால், வெவ்வேறு மதிப்பு ஒவ்வொன்றிற்கும் ஒரு குறிப்பாக விக்கி எடுத்துக் காட்டும். நான்கு சேரம்பாடிகளும் நான்கு வரிகளாக வந்து நிற்பதைக் காணலாம். கண்ணுக்கு ஒன்றாயினவற்றையும் அது பிரித்துக் காட்டிவிடும்.

ஊர் டிட்லரின் தலைப்பைப் பின்னர் மாற்றினால், விக்கி சரிசெய்யக்கூடியது குறிச்சொற்களையும் ‘லிஸ்ட்’ என்னும் புலத்தையும் மட்டுமே. நாம் பெயரிட்ட ‘ஊர்’ என்னும் புலத்தைத் தொடாது. அவற்றை நாமே திருத்தல் வேண்டும்.

இறுதியாக, பதிதல் இருவகைப்படும். புலத்திற் பதிதல் ஒன்று. கோப்பிற் பதிதல் மற்றொன்று. பெயரைத் தொட்டவுடன் புலம் நிரம்பும். ஆனால் கோப்பைச் சேமியாமல் உலாவியை மூடினால், அல்லது மின்கலம் தீர்ந்து கணினி நின்றுவிட்டால், அவ்வளவும் போகும். சேமிக்கும் பொத்தான் சிவந்திருந்தால் வேலை இன்னும் கோப்பில் ஏறவில்லை என்பது பொருள். மலையில் இடி முழங்கும் மாலைகளில் அச்சிவப்பைக் கண்டவுடன் சேமிக்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று.

பட்டியலின் எல்லை

இவ்வளவும் செய்தபின், என் தொகுப்பு ஒழுங்காயிற்று என்று எண்ணி, அப்பாயியின் குறிப்புகளுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தேன். பட்டியல் விரிந்தது. கை ஓடவில்லை.

முதல்நாள் யான் அவரை ‘உங்களுக்கு எந்த ஊர், அப்பாயி?’ என்று கேட்டபோது, அவர் சிரித்து, ‘எந்த ஊரென்று கேட்கிறாய், தம்பி? பெற்றவர் ஊரா, பிறந்த ஊரா, பிழைக்கிற ஊரா?’ என்று திருப்பிக் கேட்டது நினைவுக்கு வந்தது. அவர் பெற்றோர் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தவர். அவர் பிறந்தது கண்டிச் சீமையில் ஒரு தோட்டத்தில். வாழ்ந்து முடிந்தது சேரம்பாடியில். யான் அன்று அதனை வேடிக்கைப் பேச்சாகக் கொண்டு, ‘சேரம்பாடி’ என்று எழுதி முடித்திருந்தேன். அவ்வாறே பட்டியலிலும் தேர்ந்தெடுத்தால் எழுத்துப் பிழை இராது. தேடினால் உடனே அகப்படும். ஆனால் ‘லயம்’ என்னும் சொல் சேரம்பாடிக்கே உரியதென்று என் விக்கி என்றும் சொல்லிக்கொண்டிருக்கும். முன்பு எழுத்துப் பிழையால் அவர் சொற்கள் மறைந்தன. இப்போது பிழையில்லாத எழுத்தால் அவர் வரலாறு மறையும்.

குற்றம் அவர் விடையில் இல்லை. என் புலத்தில் இருந்தது. மூன்று வினாக்களுக்கு உரிய இடத்தில் ஒன்றையே வைத்திருந்தேன். ஆதலின் ‘ஊர்’ என்னும் புலத்தை நீக்கி, ‘முன்னோர் ஊர்’, ‘பிறந்த ஊர்’, ‘வாழும் ஊர்’ என்று மூன்று புலங்களும், மூன்று கீழ்விரி பட்டியல்களும் அமைத்தேன். மூன்றிற்கும் ஒரே ஊர்ப்பட்டியலே போதுமானதாயிற்று. திருச்சிராப்பள்ளியையும் கண்டியையும் புதிய டிட்லர்களாகச் சேர்த்தேன். இப்போது, கண்டியிற் பிறந்து சேரம்பாடியில் வாழ்வோர் வழங்கும் சொற்கள் யாவை என்று கேட்டால், விக்கி விடை தருகிறது. முன்பு இவ்வினாவை யான் கேட்டிருக்கவே முடியாது.

மொழிப்பட்டியலிலும் இதுவே நேர்ந்தது. தமிழ், மலையாளம், கன்னடம் என்று மூன்றை மட்டும் முதலில் இட்டிருந்தேன். பணியர் ஒருவர் சொன்ன சொல்லைப் பதியும்போது, மூன்றனுள் அருகிலுள்ளது மலையாளமே என்று அதனைத் தொடப்போன கை நின்றது. கையால் எழுதுங்காலத்து இல்லாத சோதனை இது. வெற்றிடத்தில் எழுதுவோன் கண்டதை எழுதுவான். பட்டியலிலிருந்து எடுப்போன் பட்டியலில் உள்ளதையே காண்பான். ஆதலின் பணியர் மொழியையும் காட்டுநாயக்கர் மொழியையும் சேர்த்ததோடு, ‘பிற’ என்றும், ‘கேட்டறிய வேண்டும்’ என்றும் இரண்டு வரிகளை எல்லாப் பட்டியல்களின் இறுதியிலும் வைத்தேன். திங்களுக்கு ஒருமுறை அவ்விரண்டையும் கொண்ட குறிப்புகளைத் தேடி எடுத்து, புதிய வரி தேவையா என்று ஆராய்கிறேன்.

நம் முன்னோரும் இவ்வழி அறிந்தோரே. சேந்தன் திவாகரம் சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுத்தது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பிரித்தபின் பல்பொருட்பெயர் என்று ஒரு தொகுதிக்கும் அதில் இடமுண்டு. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தார். அவற்றுள் தொகையகராதி, இன்னதற்கு இத்தனை வகை என்று எண்ணிவைத்த பட்டியல்களாலேயே ஆனது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் யாழ்ப்பாண வழக்கு, திருநெல்வேலி வழக்கு என்பவற்றைக் குறிக்க வரையறுத்த சுருக்கக் குறிகளையே ஆண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதாமல், ஒருமுறை வகுத்து எங்கும் அதனையே ஆளும் ஒழுங்கு அது. நம் கையிலுள்ள கீழ்விரி பட்டியலும் அவ்வொழுங்கின் சிறு வடிவமே.

கருவியை அமைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுதே வேண்டியிருந்தது. எவ்வெவ் வரிகள் அதில் இருக்கவேண்டும் என்பதை அறிய ஓராண்டாயிற்று, இன்னும் முடியவில்லை. குறிப்பெழுதும் நண்பர்கள் முதல்நாளிலேயே தம் பட்டியலை வகுத்துக்கொள்க. அதன் இறுதியில் ஒரு வாயிலைத் திறந்தும் வைக்க. யாரைக் குறித்து எழுதுகிறோமோ அவர் நம் வினாவையே திருத்துவாராயின், அத்திருத்தத்தையும் அந்நாளிலேயே எழுதிக்கொள்க. அப்பாயி சொன்னதை அன்றே எழுதியிருந்தால், அவரிடமே மேலும் கேட்டிருப்பேன். வரும் விடுமுறையில் அவர் தோழியர் இருவரிடம், மூன்று புலங்களோடும் செல்ல எண்ணியிருக்கிறேன்.